கால்வாய்க்கரையின் ஒரே ஓட்டு

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் தெரிந்து ஏமாற வேண்டாம். நான் ஒரு முறை முந்நூறு பேர் கூடிய இடத்தில் முக்கால் மணி நேரம் நின்று ஓட்டுக் கேட்டேன். தொண்டை கட்டிப்போகிற வரையில் கேட்டேன். அந்த முந்நூறு பேரில் ஓட்டு இருந்தது ஒரே ஒருவருக்கு. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வோட்டர் லிஸ்ட் என் கையிலேயே இருந்தது. வெயிலுக்கு அதைத்தான் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வக்கீல் தென் சென்னைப் பக்கத்துத் தொகுதியில் சட்டசபைக்கு நின்றார். அவர் எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. அப்போதெல்லாம் தேர்தலில் நிற்கிற ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். சீட்டை அந்தப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் பெட்டியின் நிறத்தைச் சொன்னாலே கட்சி தெரிந்துவிடும் என்பதால் அதையும் சொல்ல மாட்டேன். நல்ல நிறம், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஓட்டு என்பது அப்போது கிடையாது. சொத்துக்கு வரி கட்டுகிறவனுக்கு ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியும் என்று மனுப் போட்டவனுக்கு ஓட்டு. பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவனுக்கு ஓட்டு. பட்டாளத்தான் செத்துப் பென்ஷன் வாங்குகிற பெண்டாட்டிக்கும் ஓட்டு. மற்றவர்கள் தேர்தலை ரதோத்ஸவம் மாதிரி ஓரமாக நின்று பார்க்கலாம். இந்தச் சட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்ததே தவிர, ஞாபகத்தில் இருக்கவில்லை.

மயிலாப்பூரில் ஓட்டுக் கேட்பது லேசான வேலை இல்லை. குளத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் பாதி வக்கீல்கள். மீதிப் பேர் அந்த வக்கீல்களிடம் தோற்றவர்கள். நாம் கொடுக்கிற நோட்டீஸை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மூன்றாவது வரியில் இலக்கணப் பிழை என்று காட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். சாந்தோம் பக்கம் உபாத்தியாயர்கள் வீட்டில் மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, எல்லா அபேட்சகர்களின் ஆட்களுக்கும் அதே டம்ளரில்தான் கொடுத்ததாகச் சொல்வார்கள். மாம்பலத்துப் புது வீடுகளில் நாய். இப்படி ஒரு வாரம் அலைந்தவனுக்கு, சொல்வதைக் கேட்க யாராவது உட்கார்ந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது.

கால்வாய்க்கரையில் உட்கார்ந்தார்கள்.

பாலத்தைத் தாண்டி ஒரு பென்ஷன் தாசில்தாரைப் பார்க்கப் போனவன் நான். பாலத்துக்குக் கீழே, உப்பும் விறகும் ஏற்றி வரும் படகுகள் நிற்கிற இடத்தில், நூறு குடிசைகள் இருந்தன. என்னைப் பார்த்ததும் கூட்டம் கூடியது. அடுத்த நிமிஷம் எனக்கு ஒரு கவிழ்த்த கூடை போட்டார்கள். அதன்மேல் ஏறினேன். தாசில்தாரை மறந்தேன். ஜனநாயகம் என்றேன், உரிமை என்றேன், உங்கள் கையில்தான் நாடு இருக்கிறது என்றேன். அவர்கள் கையில் இருந்தவை காலிக் குடங்கள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

பேசி முடித்ததும் தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடுக்கலாமா, இந்த ஐயர் குடிப்பாரா என்கிற யோசனை அது. கடைசியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டினாள். விறகு பிளந்து விற்கிற தொட்டியில் வேலை. தோளில் சிராய் ஒட்டியிருந்தது. நான் பெரிய சீர்திருத்தவாதி என்று காட்டிக்கொள்ள, செம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டேன். பாதி உள்ளே போனதும் கண்ணில் நீர் வந்தது. ஜனங்கள் அதை உணர்ச்சி என்று நினைத்தார்கள். அது உப்பு. கால்வாய் ஓரத்தில் தோண்டிய ஊற்று அது. கடலுக்கும் அதற்கும் கொஞ்சம்தான் வித்தியாசம்.

"இதையா குடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வேற இன்னா கீது?" என்றாள் அவள்.

நல்ல தண்ணீர் வேண்டுமானால் அரை மைல் நடந்து, பங்களாத் தெருக் குழாய்க்குப் போக வேண்டுமாம். விடியற்காலையில் போனால்தான் உண்டாம். அங்கே வீட்டுக்காரர்களின் வேலைக்காரர்கள் பிடித்து முடிக்கும்வரை இவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். இதை அவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நான் ஒரு வாய் உப்புத் தண்ணீரின் வேகத்தில், கையை நீட்டி, எங்கள் வக்கீல் ஜெயித்தால் இதோ இந்த இடத்தில் ஒரு குழாய் என்று சொல்லிவிட்டேன். படகுக் கூலிகளுக்கு மேஸ்திரியாக இருந்த கிழவர் ஒருவர், நான் விரல் காட்டிய இடத்தில் உடனே ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து நட்டார். அதைப் பிடுங்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஆனால் முந்நூறு ஓட்டு என்று நினைத்ததும் விட்டுவிட்டேன்.

வக்கீல் என் வெற்றியைக் கேட்டுவிட்டு, கையை நீட்டி லிஸ்டை வாங்கினார். வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைப் பிரித்துப் பார்த்தார். அவர் கோபித்துக்கொண்டால் தாங்கலாம். நிதானமாகப் பேசுவதுதான் ஆபத்து.

"கால்வாய்க்கரைன்னு ஒரே ஒரு பேர்தானேடா போட்டிருக்கு. பட்டாளத்தான் விதவை. மத்த இருநூத்துத் தொண்ணூத்தொம்பது பேர் உன்னைப் பாக்க வந்திருக்கா."

நான் குழாய் விஷயத்தையும் சொன்னேன். நிதானம் இன்னும் அதிகமாயிற்று.

"ஒரு ஓட்டுக்கு ஒரு குழாயா? பேஷ். என் ஆத்துலயே குழாய் ஒழுகிண்டிருக்கு. சரி, என் பேரைச் சொல்லி வாக்குக் குடுத்துட்டே. நான் தோத்தா தப்பிச்சே. ஜெயிச்சுட்டேன்னா, நீதான் போட்டுத் தரணும். நான் அந்தப் பக்கம் தலைகுனிஞ்சுண்டு போக மாட்டேன்."

அன்றிலிருந்து அவர் தோற்க வேண்டும் என்று கபாலீசுவரரை வேண்டிக்கொண்ட குமாஸ்தா நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஒரே ஓட்டு, எனக்குத் தண்ணீர் கொடுத்த விறகுத் தொட்டிப் பெண்பிள்ளையுடையது. அவள் புருஷன் பட்டாளத்தில் போய் எங்கேயோ பாலைவனத்தில் செத்தவன். கால்வாய்க்கரையில் அந்த ஓட்டை அவளுடையதாக யாரும் நினைக்கவில்லை. கோயில் நிலம் மாதிரி அது பொதுச் சொத்து. அதை எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவு செய்யப் பூவரச மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். எதிர்க் கட்சியின் ஆளையும் அழைத்திருந்தார்கள். கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. பார்லிமெண்டில்கூட ஓர் ஓட்டுக்கு அவ்வளவு விவாதம் நடந்திருக்காது.

எதிர்க் கட்சியின் ஆள் கரையிலிருந்த அம்மன் கோயிலுக்கு ஓடு வேய்ந்து தருவதாகச் சொன்னான். கிழவர்கள் பலருக்கு அது பிடித்தது. பெண்கள் குழாய் என்றார்கள். ஒருவன், சீட்டை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி போட்டால் இரண்டும் கிடைக்காதா என்று கேட்டான். மேஸ்திரி அதை நியாயமான யோசனையாகக் கருதி என் பக்கம் திரும்பினார். கிழித்தால் செல்லாது என்று நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். இவ்வளவு நேரமும் அவள் விறகுச் சிராயை உள்ளங்கையிலிருந்து ஊசியால் எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழுந்தாள்.

"ஓட்டு என்து. தண்ணி எல்லாருக்கும். அம்மனுக்கும் குளிக்கத் தண்ணி வோணும்."

கூட்டம் கலைந்தது.

ஓட்டுப் போடும் நாளன்று அவளை அழைத்துவர ஒரு ஜட்கா வண்டி அனுப்பினேன். பெண்களுக்கான சாவடி ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில். காலை பத்து மணிக்குத் தெருக்கோடியில் பறைச் சத்தம் கேட்டது. ஜட்காவில் அவள் வர, பின்னால் கால்வாய்க்கரை முழுவதும் நடந்து வந்துகொண்டிருந்தது. தங்கள் ஓட்டு பத்திரமாகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வந்தவர்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் கலகம் என்று நினைத்து விசிலை வாயில் வைத்தார். இத்தனை பேரில் யாருக்கு ஓட்டு என்று கேட்டார். முந்நூறு கைகள் ஜட்காவைக் காட்டின.

அவள் உள்ளே போனாள். வெளியே வந்தாள். எந்த நிறப் பெட்டி என்று கேட்டவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டபோது என்னைத் தாண்டி ஜட்காக்காரனிடம், திரும்பக் கொண்டுபோய் விடுவானா, நடக்க வேண்டுமா என்று கேட்டாள்.

வக்கீல் ஜெயித்துவிட்டார். கொஞ்ச நஞ்சமாக இல்லை, ஆயிரக்கணக்கில். கபாலீசுவரர் என் பிரார்த்தனையைக் காதில் வாங்கவே இல்லை. மாலைகளுக்கு நடுவிலிருந்து வக்கீல் என்னைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குழாய் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வக்கீல் வீட்டு வாசலுக்கு வந்தாள். வேப்பமரத்து நிழலில் நின்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. நான் வெளியே வந்ததும் குழாயைப் பற்றி ஒரே கேள்வி: "கொயா இன்னா ஆச்சு, ஐயரே?" ஆகிறது, ஆகிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும். ஒரு வெள்ளிக்கிழமை வாசல் பக்கம் போகாமல் கொல்லைப்புறமாகப் போகப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்தின் சுவரேறிக் குதித்து, சாணியில் ஒரு கால் வைத்து, சந்தில் வந்து நிமிர்ந்தால், அவள் சந்துமுனையில் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள். ஆனால் குழாயைப் பற்றித்தான் கேட்டாள்.

சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். சட்டசபையில் வக்கீல் கேட்பதற்காக நான் ஒரு கேள்வி தயார் செய்தேன். கால்வாய்க்கரை வாசிகளின் குடிநீர்த் தாகத்தைக் கனம் மந்திரி அறிவாரா என்று அழகான கேள்வி. பதிலும் அழகாக வந்தது: அது கார்ப்பொரேஷனின் பொறுப்பு. கார்ப்பொரேஷனுக்குப் போனேன். அங்கே ஒருவர் இன்னொருவரைப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் லீவில் இருந்தார். நடுவில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. நாங்கள் மிட்டாய் கொடுத்தோம், கொடி ஏற்றினோம். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கும் மிட்டாய் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சொதந்திரம் வந்துச்சுன்னாங்களே, அதுல கொயா இல்லியா?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை கார்ப்பொரேஷனுக்குப் போனவன், இன்ஜினீயரைப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். வேப்பமரத்தடியில் அவள் நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வித்தை வந்துவிட்டது. நாலாம் நாள் இன்ஜினீயர் கூப்பிட்டார். மேஜைமேல் பட்டணத்தின் படத்தை விரித்தார். பாலம் இருந்தது, கால்வாய் இருந்தது, தாசில்தார் வீடுகூட இருந்தது. நூறு குடிசை இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கீறலாகப் புல் வரைந்திருந்தது.

"சதுப்பு நிலம் சார். புல்லுக்கு எப்படிக் குழாய் போடுவது?" என்றார் இன்ஜினீயர். நல்ல மனுஷர், உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அந்தப் புல்லு ஓட்டுப் போட்டிருக்கு சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே பொறி தட்டியது. என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் பேசியதில் பயன்பட்டது அது ஒன்றுதான். ஓடிப்போய் அந்த வோட்டர் லிஸ்டைக் கொண்டுவந்தேன். அவள் பெயருக்கு எதிரே விலாசம் அச்சாகியிருந்தது: கால்வாய்க்கரை, கதவு எண் ஒன்று. அந்த எண்ணை எந்த அதிகாரியும் கொடுக்கவில்லை. பென்ஷன் மணியார்டர் கொண்டுவருகிற தபால்காரர், விலாசத்துக்கு ஏதாவது எண் வேண்டுமே என்று அவள் குடிசையின் தட்டிக் கதவில் தாரால் ஒன்று என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அச்சாகிவிட்டால் அது சர்க்கார் எண்தானே. இன்ஜினீயர் படத்தைப் பார்த்தார், லிஸ்டைப் பார்த்தார். ஒரு சர்க்கார் காகிதம் புல் என்கிறது, இன்னொரு சர்க்கார் காகிதம் வீடு என்கிறது. வீட்டின் பக்கம் சேர்ந்துகொண்டார். கதவு எண் ஒன்றின் எதிரில் பொதுக் குழாய் ஒன்று போடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குழாய் வந்தது. மேஸ்திரி நட்ட கருங்கல்லும் அதே கதவுக்கு எதிரில்தான் இருந்தது. பள்ளம் தோண்டியபோது அதை எடுக்க வேண்டியிருந்தது; மேஸ்திரி அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுக்கவிட்டார்.

திறப்பு விழா ஏற்பாடு முழுவதும் என்னுடையது. பஞ்சாங்கம் பார்த்தேன். ராகு காலம், எமகண்டம் எல்லாம் தள்ளி, சாயங்காலம் ஐந்து மணிக்கு முகூர்த்தம் வைத்தேன். வாழைமரம் கட்டினேன். நாகசுவரம் ஏற்பாடு செய்தேன். குழாய்க்கு மாலை போட்டுச் சந்தனம் பூசினேன். வக்கீல் சரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து இறங்கினார். முந்நூறு பேரும் குடத்தோடு நின்றார்கள். அவள் முன்வரிசையில், புதுசாகத் துலக்கிய பித்தளைக் குடத்தோடு நின்றாள்.

வக்கீல் குழாயைத் திருகினார். நாகசுவரக்காரர் கெட்டிமேளத்துக்குக் கண் ஜாடை காட்டினார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு ஒரு இருமல். பிறகு ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, திரும்ப உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் கிணறு. நான் இருந்த சந்தில் எல்லா வீட்டிலும் கிணறு. குழாயில் தண்ணீர் காலை ஐந்திலிருந்து ஏழுவரைதான் வரும் என்பது, முதல் நாளே காதில் விழுந்திருந்தும், எனக்கு உறைக்கவில்லை. கால்வாய்க்கரையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். முகூர்த்தம் வைத்தபோது ஏன் ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை என்று மேஸ்திரியைக் கேட்டேன். சட்டசபை மெம்பர் வருகிறார் என்றால் சாயங்காலத்திலும் விடுவார்களாக்கும் என்று எல்லாரும் நினைத்தார்களாம். இத்தனை பெரிய மனுஷர்களுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டார்களாம்.

வக்கீல் என் காதோரம் குனிந்தார்.

"ராகு காலம் பாத்தியே அம்பி, தண்ணி வர காலம் பாத்தியோ?"

பிறகு நிமிர்ந்து, நாளைக் காலையிலிருந்து தண்ணீர் வரும் என்று பத்து நிமிஷம் பேசினார். கை தட்டினார்கள். பிறகு காலிக் குடங்களை இடுப்பில் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் குழாயை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையிலும் வராவிட்டால்? குழாயை எங்கேயும் இணைக்காமலே புதைத்துவிட்டுப் போயிருந்தால்? பட்டணத்துப் படத்தில் புல் வரைந்தவர்கள் எதையும் செய்வார்கள். விடிந்தும் விடியாமலும் எழுந்து, பல்கூடத் தேய்க்காமல், பாலத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பாலத்தின் மேலேயே கேட்டுவிட்டது. கொஞ்ச தூரத்தில் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். நான் ஒரு நிமிஷம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது, வேறு காரணம் எதுவும் இல்லை.

கீழே இறங்கினேன். நேற்றைய மாலை குழாயின் கழுத்தில் வாடித் தொங்கியது. அதன் கீழே கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வரிசை கரைவரைக்கும் வளைந்து போயிருந்தது. வரிசையின் முனையில் அவள் நின்று ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு குடம் நிரம்பினால் அடுத்தது, நடுவில் நுழைவது கிடையாது, சண்டை கிடையாது. தன்னுடைய பித்தளைக் குடத்தை எல்லாருக்கும் கடைசியில் வைத்திருந்தாள்.

நான் நேரே குழாயடிக்குப் போய், எல்லாரும் பார்க்கும்படியாக நின்றேன். ஒரு வாய் பிடித்துக் குடித்தும் பார்த்தேன். தித்திப்பு. இரண்டு வருஷத்து வெள்ளிக்கிழமைகள், சுவரேறிக் குதித்தது, சாணி, பெஞ்சியில் உட்கார்ந்த நாலு நாள் எல்லாம் நெஞ்சில் புரண்டன. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். குடங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. கடைசியில் நானே அவளிடம் கேட்டுவிட்டேன்.

"எப்படி, சொன்னபடி குழாய் கொண்டுவந்தேனா இல்லையா?"

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தாள்.

"கொடம் இல்லன்னா நவுந்து நில்லு, ஐயரே."